ஏழா, எட்டா? மேல் ஸாவின் கணக்கு

மும்பை செம்பூரில் எங்கள் கட்டடத்துக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு மாமி பாட்டு சொல்லிக்கொடுக்கிறார். சனிக்கிழமை காலையில் மகள் அங்கே போவாள். ஞாயிற்றுக்கிழமை பாந்த்ராவிலிருந்து ஒரு கோவாக்காரர் வந்து, கட்டடத்துப் பிள்ளைகள் நான்கு பேருக்குக் கீபோர்டு கற்றுத்தருகிறார். தரைத்தளத்து மராத்தித் தாத்தா தினமும் விளக்கு வைக்கிற நேரத்தில் ஹார்மோனியத்தை எடுத்துவைத்து அபங்கம் பாடுவார். போகிற வருகிற பிள்ளைகளைப் பிடித்து உட்காரவைத்து நாலு வார்த்தை சொல்லாமல் விடமாட்டார். ஆக, வீட்டில் இருப்பது ஒரே ஒரு பெண். அவளுக்கு மூன்று குருமார்.

மூவரும் ஒரே சமாசாரத்தை மூன்று பெயரில் சொல்கிறார்கள். மாமிக்கு அது ஸ்தாயி. கீபோர்டு சாருக்கு ஆக்டேவ். தாத்தாவுக்கு சப்தக். ஒருநாள் சாப்பிடும்போது மகள் கேட்டாள்: "அப்பா, சப்தக்னா ஏழு. ஆக்டேவ்னா எட்டு. ரெண்டும் ஒண்ணுதான்னு தாத்தா சொல்றார். ஏழு எப்படி எட்டாகும்?"

நான் முறையாகச் சங்கீதம் படித்தவன் இல்லை. கல்லூரியில் இயற்பியல் படித்தேன், பஜனையில் பின்பாட்டுப் பாடுவேன், அவ்வளவுதான். ஆனால் இந்தக் கேள்விக்குப் பதில் எங்கள் ரயில் பாதையிலேயே இருக்கிறது. ஹார்பர் லைனில் செம்பூரிலிருந்து சிஎஸ்எம்டி பக்கம் எண்ணிக்கொண்டு போங்கள். செம்பூர், திலக் நகர், குர்லா, சுனாபட்டி, ஜிடிபி நகர், வடாலா ரோடு, சிவ்ரி, காட்டன் கிரீன். செம்பூரையும் சேர்த்தால் எட்டு ஸ்டேஷன். ஆனால் வண்டி நகர்ந்தது ஏழு தடவைதான். ஸ ரி க ம ப த நி என்று ஏழு பெயரை மட்டும் எண்ணினால் சப்தக். அந்த ஏழையும் தாண்டிப் போய்ச் சேர்கிற இடத்தையும் எண்ணினால் எட்டு. லத்தீனில் எட்டாவது என்று பொருள்படும் சொல்லிலிருந்துதான் ஆக்டேவ் வந்தது. எண்ணுகிற முறைதான் வேறு, பாதை ஒன்றே.

நம் பக்கத்திலும் இந்த இரண்டாவது எண்ணும் முறை உண்டு, கவனிப்பதில்லை. பஞ்சமம் என்றாலே ஐந்தாவது. ஸாவிலிருந்து ஆரம்பித்து, ஸாவையும் சேர்த்து எண்ணினால்தான் ப ஐந்தாவதாக வரும். சரளி வரிசையின் முதல் பாடத்தையே பாருங்கள். ஆதி தாளத்தின் எட்டு அட்சரத்தில் நான்கில் ஸ ரி க ம, இரண்டில் ப த, கடைசி இரண்டில் நி, மேல் ஸ. அந்த மேல் ஸா இல்லாவிட்டால் தாளம் போடுகிற கையின் கடைசி வீச்சு வெறுமனே தொங்கும். மாமி ஆக்டேவ் என்ற சொல்லையே சொன்னதில்லை. ஆனால் முதல் நாளே எட்டு எண்ணித்தான் பாட வைத்தார்.

ஒரு விஷயத்தில் மட்டும் ரயில் உவமை உடைந்துபோகிறது. எட்டாவது ஸ்டேஷனின் பெயர் காட்டன் கிரீன். சங்கீதத்தில் எட்டாவது ஸ்டேஷனில் இறங்கிப் பார்த்தால் பலகையில் மறுபடி செம்பூர் என்று எழுதியிருக்கும். ஆக்டேவைப் பற்றி வியக்கவேண்டியது அதைத்தான்.

பழைய தமிழர்கள் இதை இன்னும் அழகாகப் பிடித்திருக்கிறார்கள். நாம் ஸ ரி க ம ப த நி என்று சொல்வதை அவர்கள் குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்றார்கள். சிலப்பதிகாரத்தின் ஆய்ச்சியர் குரவையில் ஏழு பெண்களுக்கு இந்த ஏழு பெயரையும் சூட்டி, கைகோத்துக் குரவை ஆட நிறுத்துகிறார்கள். குரல் என்ற பெண் மாயவன், இளி என்ற பெண் பலராமன், துத்தம் நப்பின்னை. குரவை வட்டமாக ஆடுகிற கூத்து. தாரம் என்ற ஏழாவது பெண்ணுக்கு அடுத்து நிற்பவள் யார்? எட்டாவதாக ஒருத்தி இல்லை. மறுபடி குரல்தான் நிற்கிறாள். ஏழா எட்டா என்ற கேள்விக்கு இதைவிட நல்ல படம் எனக்குக் கிடைக்கவில்லை.

சரி, "மறுபடி அதே ஸா" என்றால் என்ன அர்த்தம்? இரண்டு ஸாவும் ஒன்றல்ல. ஒன்று கீழே, ஒன்று மேலே. காது கேட்கிற எவருக்கும் வித்தியாசம் தெரியும். இருந்தும் அவை ஒன்று என்று மனசு சொல்கிறது. மும்பை சினிமா தியேட்டரில் படம் தொடங்குமுன் தேசிய கீதத்துக்கு எல்லோரும் எழுந்து நின்று பாடும்போது கவனியுங்கள். ஆண்கள் பெரும்பாலும் ஒரு ஸ்தாயி கீழே பாடுகிறார்கள், பெண்களும் குழந்தைகளும் ஒரு ஸ்தாயி மேலே. யாரும் யாருக்கும் சொல்லிவைக்கவில்லை. இரண்டு பாட்டு கேட்கிறது என்று ஒருவரும் சொல்வதில்லை. எல்லோரும் ஒன்றாகப் பாடினோம் என்றுதான் நினைக்கிறோம்.

போன நவராத்திரிக்கு எங்கள் கட்டடத்து ஹாலில் கொலு. பஜனைக்கு மகள் கீபோர்டு வாசித்தாள். நடுவில் ஒரு வாண்டு வந்து ஏதோ பொத்தானை அழுத்திவிட்டுப் போனான். அது ஆக்டேவ் பொத்தான். கீபோர்டின் ஒலி அப்படியே ஒரு ஸ்தாயி கீழே இறங்கியது. பாட்டு நிற்கவில்லை. கொஞ்சம் கனமாகக் கேட்கிறதே என்று ஒன்றிரண்டு பேர் திரும்பிப் பார்த்ததோடு சரி. அடுத்த பாட்டில் அதே வாண்டு மறுபடி வந்து இன்னொரு பொத்தானை அழுத்தினான். இந்தத் தடவை டிரான்ஸ்போஸ், அதுவும் வெறும் ஒரு படி, அரைக் கட்டைதான் ஏறியது. அவ்வளவுதான், பாடிக்கொண்டிருந்தவர்கள் முகம் எல்லாம் பாகற்காய் தின்றதுபோல் ஆகி, பாட்டு அந்தரத்தில் நின்றது. முதல் தடவை பன்னிரண்டு படி இறங்கியும் ஒன்றும் ஆகவில்லை. இரண்டாவது தடவை ஒரே ஒரு படி ஏறியதற்கே குடி முழுகிப்போயிற்று. தூரத்தை அளந்து பார்த்தால் இதில் நியாயமே இல்லை. பன்னிரண்டு படி தள்ளி இருப்பவன் சொந்தக்காரன், பக்கத்து வீட்டுக்காரன் அந்நியன்!

நாங்கள் மூன்றாவது மாடியில் 302ல் இருக்கிறோம். லிஃப்டில் ஃபோனைப் பார்த்துக்கொண்டே நான்காவது மாடியில் இறங்கி 402ன் அழைப்புமணியை நான் அடித்த கதை உண்டு. அதே இடத்தில் கதவு, அதே இடத்தில் செருப்பு அலமாரி. மாடிதான் வேறு. பக்கத்து வீடான 303ன் மணியை நான் ஒருநாளும் தவறி அடித்ததில்லை. மேல் ஸாவும் இப்படித்தான், நேர் மேலே இருக்கிற அதே வீடு.

இனி எண்களுக்கு வருவோம், பயப்பட வேண்டாம். ஒரே ஒரு பெருக்கல்தான் இருக்கிறது.

ஒலி என்பது அதிர்வு. ஒரு விநாடிக்கு எத்தனை தடவை அதிர்கிறது என்பதை ஹெர்ட்ஸ் என்று எண்ணுகிறோம். மகள் ஆறு கட்டைச் சுருதியில் பாடுகிறாள் என்று வையுங்கள். அவளுடைய ஸா 220 ஹெர்ட்ஸ். அவளுடைய மேல் ஸா 440. அதற்கும் மேலே ஒரு ஸா போட்டால் 880. கீழ் ஸா 110, நான் கூடப் பாடும்போது அங்கேதான் உட்கார்ந்திருப்பேன். ஒவ்வொரு ஸ்தாயிக்கும் இரண்டால் பெருக்கு, இறங்கினால் இரண்டால் வகு. ஆக்டேவ் என்பது இவ்வளவுதான். ஃபோனில் டியூனர் செயலி ஒன்றை இறக்கிக்கொண்டு நீங்களே ஸாவும் மேல் ஸாவும் பாடிப் பாருங்கள். எண் இரண்டு மடங்குக்குப் பக்கத்தில் வரும். வராவிட்டால் குற்றம் செயலியினுடையது அல்ல.

(440 என்ற எண்ணை எங்கேயாவது கேள்விப்பட்டிருப்பீர்கள். 1939ல் லண்டனில் கூடிய ஒரு மாநாடு, கருவிகளைச் சுருதி சேர்க்கப் பொது அளவாக 440 ஹெர்ட்ஸைப் பரிந்துரைத்தது. நம் ஆறு கட்டைக்காரர்களின் மேல் ஸா அது.)

இங்கே நிறையப் பேர் தடுக்கி விழுவது கூட்டலில். 220க்கும் 440க்கும் வித்தியாசம் 220. அப்படியானால் இன்னொரு 220ஐக் கூட்டி 660க்குப் போனால் அடுத்த ஸா வருமா? வராது. அங்கே மேல் ஸ்தாயிப் பஞ்சமம் இருக்கும். அடுத்த ஸா 880ல்தான். முதல் மாடியின் உயரம் 220, இரண்டாவது மாடியின் உயரம் 440, மூன்றாவது 880 என்று போகிற விசித்திரமான கட்டடம் இது. ஆனால் காது என்கிற லிஃப்டில் ஏறினால் எல்லா மாடிக்கும் ஒரே நேரம்தான் ஆகிறது. காதுக்குக் கூட்டல் தெரியாது, பெருக்கல் மட்டுமே தெரியும்.

இந்தக் கணக்கில் மனிதக் காதின் எல்லையையும் சொல்லிவிடலாம். சுமாராக 20 ஹெர்ட்ஸிலிருந்து 20,000 வரை நமக்குக் கேட்கும் என்கிறார்கள். 20ஐ இரட்டித்துக்கொண்டே போங்கள்: 40, 80, 160, 320, 640, 1280, 2560, 5120, 10,240, 20,480. பத்து தடவை. ஆக நம் காது பத்து மாடிக் கட்டடம், அதுவும் இளவயதில். வயது ஏற ஏற மேல் மாடிகளைப் பூட்டிக்கொண்டே வருவார்கள். பியானோவின் 88 கட்டைகளும் சேர்ந்து ஏழு மாடிக்குக் கொஞ்சம் மேலே, 27.5 ஹெர்ட்ஸிலிருந்து 4186 வரை. மனிதக் குரலுக்குப் பெரும்பாலும் இரண்டு மாடி கிடைத்தால் பெரிய சொத்து.

கண்ணால் பார்க்கவேண்டும் என்றால் வீணை வைத்திருப்பவர் வீட்டுக்குப் போங்கள். வீணையில் 24 மெட்டு, அதாவது தந்தியை அழுத்திப் பிடிக்கிற குறுக்குக் கம்பிகள், உண்டு. ஒரு தந்தியை எதையும் அழுத்தாமல் மீட்டுங்கள், அப்புறம் 12வது மெட்டில் அழுத்தி மீட்டுங்கள். அதே சுரம் ஒரு ஸ்தாயி மேலே கேட்கும். அந்த மெட்டு எங்கே இருக்கிறது என்று அளந்தால், குதிரைக்கும் (தந்தியைத் தாங்குகிற பாலம்) தந்தியின் மறுமுனைக்கும் ஏறக்குறைய நட்ட நடுவில். கிட்டாரிலும் அதே கதை, அதே 12. தந்தியின் நீளம் பாதியானால் அதிர்வு இரட்டிப்பு.

நீளத்தைப் பாதியாக்கினால் சரி. தந்தியை முறுக்கி ஒரு ஸ்தாயி ஏற்றவேண்டும் என்றால்? இரண்டு மடங்கு இழுத்தால் போதும் என்றுதான் யாருக்கும் தோன்றும். போதாது, நான்கு மடங்கு இழுவிசை வேண்டும். பித்தாகரஸ் பற்றிய பழைய கதை ஒன்றில் கொல்லன் பட்டறைச் சுத்தியல்களின் எடையும், தந்தியில் கட்டித் தொங்கவிட்ட எடையும் இரண்டுக்கு ஒன்று என்று இருந்தபோது ஆக்டேவ் கேட்டதாக வரும். நூற்றாண்டுக் கணக்கில் அதை அப்படியே திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். 16ஆம் நூற்றாண்டில் வின்சென்ஸோ கலிலி என்ற வீணைக்காரர், சரியாகச் சொன்னால் லூட் என்னும் கருவி வாசித்தவர், எடையைக் கட்டிப் பார்த்து, இரண்டு இல்லை நான்கு என்று காட்டினார். விஞ்ஞானி கலிலியோவின் அப்பா அவர். தொங்கவிட்டுப் பார்க்காமலேயே எல்லோரும் நம்பிய கதைகளில் இது ஒன்று.

இதே நான்கு இன்னொரு இடத்திலும் வந்து நிற்கும். கழுத்துள்ள கண்ணாடி பாட்டிலின் வாயில் ஊதினால் ஊவென்று ஒலி வருமே, அதில் பாதிக்குத் தண்ணீர் ஊற்றினால் ஆக்டேவ் வரும் என்று மகள் பந்தயம் கட்டினாள். வரவில்லை. ஸாவிலிருந்து பிரதி மத்யமத்துக்குப் பக்கத்தில் போய் நின்றது, அதாவது ஆக்டேவுக்குச் சரிபாதி வழியில். உள்ளே இருக்கிற காற்று பாதியாகாமல் கால்வாசியாகக் குறைந்தால்தான் மேல் ஸா. முக்கால் பாட்டில் தண்ணீர் ஊற்றினோம், கிட்டத்தட்ட வந்தது. சமையலறை மேடை முழுக்கத் தண்ணீர், அது வேறு கதை.

எண்ணெல்லாம் சரி, இரண்டு மடங்கு என்பதால் மட்டும் ஏன் "அதே" என்று தோன்றவேண்டும்? மூன்று மடங்குக்கு ஏன் அப்படித் தோன்றுவதில்லை?

தம்புராவிடம் கேட்போம். தம்புராவின் நான்கு தந்திகளில் ஒன்று பஞ்சமம். மற்ற மூன்றும் ஸா: ஒரே உயரத்தில் இரண்டு, ஒரு ஸ்தாயி கீழே ஒன்று. கீழ் ஸாத் தந்தியை மட்டும் மீட்டிக் கண்ணை மூடிக் கேளுங்கள். தந்தி முழு நீளத்துக்கும் அசைகிறது, அது 110 ஹெர்ட்ஸ் என்று வைப்போம். அதே சமயம் அதே தந்தி இரண்டு பாதிகளாகவும் அசைகிறது, அது 220. மூன்று பங்காகவும் அசைகிறது, 330. அப்புறம் 440, 550, 660 என்று போய்க்கொண்டே இருக்கும். பள்ளிப் பாடநூலில் மேற்சுரங்கள் என்று படித்திருப்போம். ஒரு தந்தி ஒரு சுரத்தை ஒலிப்பதாக நாம் நினைக்கிறோம், அது ஒரு கூட்டத்தையே கூட்டிக்கொண்டு வருகிறது. தம்புராவில் யாரும் வைக்காத அந்தர காந்தாரம் (க சுரத்தின் ஒரு வகை) தானாகக் கேட்கிறது என்று வித்வான்கள் சொல்வது மாயமில்லை. அந்த 550தான் அது.

இப்போது மேல் ஸாத் தந்தியை மீட்டுங்கள். அதன் கூட்டம் 220, 440, 660, 880. முந்தைய பட்டியலோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அத்தனையும் ஏற்கெனவே கீழ் ஸாவின் கூட்டத்தில் இருக்கிறவர்கள். புதிதாக ஒருவர்கூட வரவில்லை. கல்யாண வீட்டுக்குள் நுழைகிற ஆள், அங்கே இருக்கிற எல்லோருக்கும் ஏற்கெனவே உறவு என்றால் யாரும் "நீங்க யாரு?" என்று கேட்கமாட்டார்கள் இல்லையா? பஞ்சமம் வந்தால் 165, 330, 495, 660. இதில் பாதிப் பேர் தெரிந்தவர்கள், பாதிப் பேர் புதியவர்கள். அதனால் பஞ்சமம் ஸாவோடு இணக்கமாகச் சேரும், ஆனால் ஸா ஆகிவிடாது. ஸாவை ஒட்டியிருக்கிற, மாயாமாளவகௌளை ராகத்தின் சுத்த ரிஷபம் வந்தால் கிட்டத்தட்ட எல்லோரும் அந்நியர்கள். உரசல் கேட்கும்.

இந்த விளக்கம் எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் இதுவே முழுக் கதை என்று சத்தியம் செய்யமாட்டேன். பொலிவியாவில் அமேசான் பகுதியில் வாழும் சிமானே என்ற பழங்குடி மக்களிடம் ஆய்வாளர்கள் சுரங்களை ஒலித்துக் காட்டி, திருப்பிப் பாடச் சொன்னார்கள். அந்த ஆய்வு 2019ல் வெளிவந்தது. குரலுக்கு எட்டாத உயரத்தில் சுரத்தைக் கொடுத்தால் மேற்கத்திய இசை கேட்டு வளர்ந்தவர்கள் அதே சுரத்தைத் தங்களுக்கு வசதியான ஸ்தாயியில் பாடினார்கள், நீங்களும் நானும் செய்வதுபோல. சிமானே மக்கள் ஏற்ற இறக்கத்தின் வடிவத்தைச் சரியாகப் பாடினார்களே தவிர, "அதே ஸா"வுக்கு வரவேண்டும் என்ற கட்டாயம் அவர்களிடம் தெரியவில்லை. ஆகவே தந்தியில் இருப்பது பாதி, காதுக்கு நாம் கொடுத்த பழக்கம் பாதி என்று வைத்துக்கொள்ளலாம். தொட்டிலில் கிடக்கும்போதே அப்பா கீழேயும் அம்மா மேலேயும் ஒரே பாட்டைப் பாடிக் கேட்ட காதுகள் நம்முடையவை.

இரண்டு ஸாவுக்கும் நடுவில் என்ன இருக்கிறது என்பதைக் கீபோர்டில் பார்ப்பது சுலபம். வெள்ளைக் கட்டை ஏழு, கறுப்புக் கட்டை ஐந்து, ஆக 12 படிகள். கறுப்புக் கட்டைகள் இரண்டு, மூன்று என்று கொத்துக் கொத்தாக நிற்பதைப் பார்த்தாலே எங்கே ஒரு ஸ்தாயி முடிந்து அடுத்தது தொடங்குகிறது என்று தெரியும். நாமும் 12 சுரஸ்தானம் என்றுதான் சொல்கிறோம், வீணையிலும் ஒரு ஸ்தாயிக்கு 12 மெட்டு. கடையில் விற்கிற கீபோர்டுகளில் 61 கட்டை, 49 கட்டை, 37 கட்டை என்று ஒற்றைப்படையாகவே இருக்கிறதே ஏன் என்று மகளைக் கேட்டேன். ஹார்பர் லைனை நினைத்துக்கொண்டு அவளே சொல்லிவிட்டாள். ஐந்து பன்னிரண்டு 60, போய்ச் சேர்கிற ஸ்டேஷன் ஒன்று.

கீபோர்டில் இந்த 12 படிகளும் சமமான பெருக்கல்கள். ஒவ்வொரு படிக்கும் சுமார் 1.0595ஆல் பெருக்கு, 12 தடவை பெருக்கினால் சரியாக 2. இதற்கு ஒரு விலை உண்டு. தம்புராவில் தானாகக் கேட்கிற அந்தர காந்தாரம் ஸாவைப்போல் 1.25 மடங்கு, கீபோர்டின் காந்தாரம் சுமார் 1.26 மடங்கு. மாமி கீபோர்டைக் கேட்டால் முகம் சுளிப்பது வீம்பு இல்லை, அவருடைய காது அந்தச் சின்ன வித்தியாசத்தைப் பிடிக்கிறது. பஞ்சமத்திலும் ஒரு மயிரிழை குறைவு. கீபோர்டில் கொஞ்சமும் விட்டுக்கொடுக்காமல் வைத்திருக்கிற ஒரே இடைவெளி ஆக்டேவ்தான். மாமியும் கோவா சாரும் சண்டையில்லாமல் சந்திக்கிற இடம் அது.

கட்டை என்ற நம் கணக்கும் ஹார்மோனியக் கட்டையை எண்ணுவதுதான். பொதுவாக ஆண்கள் ஒரு கட்டை பக்கத்திலும் பெண்கள் ஐந்து கட்டை பக்கத்திலும் பாடுவார்கள். நம் கீர்த்தனைகள் பலவற்றுக்குக் கீழ்ஸ்தாயிப் பஞ்சமம் பக்கம் தொடங்கி மேல்ஸ்தாயிக் காந்தாரத்தையோ பஞ்சமத்தையோ தொடவேண்டியிருக்கும். ஒன்றரை, இரண்டு ஸ்தாயிக்குக் குரல் எட்டவேண்டும். கட்டையைத் தேர்ந்தெடுப்பது அந்த இரண்டு முனையும் எட்டுகிற மாதிரி நடுவில் ஸாவைப் பொருத்தும் வேலை. மேல் ஸ்தாயி எட்டவில்லை என்று கஷ்டப்படுகிறவர், பல சமயம் ஸாவைத்தான் தவறான இடத்தில் வைத்திருப்பார்.

கீழ், நடு, மேல் என்ற மூன்று ஸ்தாயிகளுக்கும் மந்திரம், மத்தியம், தாரம் என்று பெயர் (குரவையில் பார்த்த தாரம் வேறு). பழந்தமிழில் மெலிவு, சமன், வலிவு. இந்த வலிவு என்ற சொல்லும், "உச்சஸ்தாயியில் கத்தினான்" என்று நாம் பேச்சில் சொல்வதும் சேர்ந்து ஒரு குழப்பத்தை உண்டாக்கி வைத்திருக்கின்றன. மேல் ஸ்தாயி என்றால் சத்தமாகப் பாடுவது என்று பிள்ளைகள் நினைத்துக்கொள்கிறார்கள். மகளும் முதலில் மேல் ஸா வந்தாலே கழுத்து நரம்பு புடைக்கக் கத்துவாள். ஃபோனில் ஒலியைக் கூட்டினால் பாட்டு சத்தமாகும், ஸா அதே ஸாவாக இருக்கும். மெதுவாக மேலே பாடலாம், சத்தமாகக் கீழே பாடலாம். மாமி செய்த வைத்தியம் எளிது: மேல் ஸாவை வாய்க்குள் முனகச் சொன்னார், பக்கத்து அறையில் குழந்தை தூங்குகிறது என்று நினைத்துக்கொண்டு. இரண்டு வாரத்தில் கழுத்து நரம்பு அடங்கிவிட்டது.

எழுதும்போது மேல்ஸ்தாயிக்குச் சுரத்தின் தலையில் ஒரு புள்ளி, கீழ்ஸ்தாயிக்குக் காலடியில் ஒரு புள்ளி. 1860ல் இதே மும்பையின் வால்கேஷ்வரில் பிறந்த விஷ்ணு நாராயண் பாத்கண்டே, இந்துஸ்தானி இசைக்கு வகுத்த குறியீட்டிலும் இதே புள்ளிகள்தான். தாத்தாவின் புத்தகத்தையும் மகள் தன் புத்தகத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துச் சந்தோஷப்பட்டாள். தமிழ்ப் புத்தகத்தில் மட்டும் ஒரு வேடிக்கை நடக்கும். ஸ மேல் புள்ளி வைத்தால் அது ஸ் ஆகிவிடுமே! மகள் முதல் வாரம் சரளி வரிசையின் கடைசியில் பாம்பு சீறுவதுபோல் "ஸ்ஸ்" என்றுதான் படித்தாள்.

மேல் ஸா அதே ஸா என்பதை ஒப்புக்கொண்டதால் நமக்குக் கிடைத்த லாபம் கொஞ்சநஞ்சமில்லை. ஒரு ராகத்தின் ஆரோகண அவரோகணத்தை, அதாவது ஏறும் இறங்கும் வரிசையை, ஒரே ஒரு ஸ்தாயிக்கு எழுதினால் போதும், மற்ற மாடிகளுக்கும் அது செல்லும். 72 மேளகர்த்தா (தாய் ராகங்கள்) என்ற பெரிய கட்டுமானம் முழுவதும் ஒரு ஸாவுக்கும் அடுத்த ஸாவுக்கும் நடுவில் அடங்கிவிடுகிறது.

ஆனால் இதற்கு அடங்காத ராகங்களும் இருக்கின்றன, எனக்கு அவற்றின் மேல் தனிப் பிரியம். நாதநாமக்கிரியை, புன்னாகவராளி, குறிஞ்சி ஆகியவை நிஷாதத்தோடு நின்றுவிடும், மேல் ஸாவைத் தொடாது. செஞ்சுருட்டி தைவதத்தோடு நின்றுவிடும். நவரோஜ் பஞ்சமத்தோடு சரி. மேலே போகாத குறையைக் கீழே இறங்கி ஈடுகட்டிக்கொள்ளும். வழக்கமான ஸாவில் பாடினால் இந்த ராகங்கள் ரொம்பத் தாழ்ந்து ஒலிக்கும் என்பதால், மத்யமத்தையே ஸாவாக வைத்துக்கொண்டு மத்யம சுருதியில் பாடுவார்கள். காவடிச்சிந்தும் நாட்டுப்பாட்டும் தாலாட்டும் இந்த ராகங்களின் பக்கம் சாய்வதில் எனக்கு வியப்பில்லை. களைத்துப்போன குரலுக்கும் எட்டுகிற உயரத்துக்குள்ளேயே அவை சுற்றிவருகின்றன.

வீட்டில் பழகுவதற்கு ஒரு சின்ன விளையாட்டு. சுருதிப்பெட்டிச் செயலியை ஓடவிட்டு, ஒருவர் ஏதாவது ஒரு சுரத்தை நீட்டிப் பாட, மற்றவர் அதே சுரத்தை ஒரு ஸ்தாயி தள்ளிப் பிடிக்கவேண்டும். படிப்படியாக ஸரிகம என்று ஏறிப் போகக்கூடாது, ஒரே தாவல். முதலில் பஞ்சமத்தில் போய் விழுவோம், எல்லோரும் விழுவார்கள், ஸாவுக்கு அடுத்தபடியாக உறவு அதுதானே. சரியான இடத்தில் கால் ஊன்றியதும் இரண்டு குரலும் தனித்தனியாகக் கேட்பது நின்றுபோகும். ஒரே குரல் திடீரென்று தடித்துவிட்டதுபோல் இருக்கும். அதுதான் அடையாளம்.

போன வாரம் தாத்தா தன் ஹார்மோனியத்தின் கப்ளரை இழுத்துவிட்டு மகளை ஒரு கட்டையை அழுத்தச் சொன்னார். அவள் நடுவில் ஒன்றை அழுத்தினாள். ஒரு சப்தக் தள்ளி இருந்த இன்னொரு கட்டை, யாரும் தொடாமலே தானாக அமுங்கியது. அவள் சடாரென்று கையை எடுத்தாள். அந்தக் கட்டையும் எழுந்துகொண்டது. மறுபடி அழுத்தினாள். ஏழா எட்டா என்று அப்புறம் கேட்கவில்லை. எல்லாக் கட்டையையும் ஒவ்வொன்றாக அழுத்திப் பார்க்க ஆரம்பித்துவிட்டாள், தாத்தாவின் அபங்கம் அன்று தொடங்க எட்டு மணி ஆகிவிட்டது.